பழைய குழித்தறியை மறுபடி ஓட வைப்பது எப்படி: பிரிப்பதிலிருந்து சோதனைப் பாவு வரை

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய தறியை மறுபடி ஓட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கடைக்குத்தான் போகிறார்கள். புது நாடா (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் ஓடம்), புது பிக்கர் (நாடாவைத் தள்ளிவிடும் துண்டு), புது அச்சு (இழைகளைப் பிரித்து, குறுக்கு நூலை அடித்து நெருக்கும் சீப்பு) எல்லாம் வாங்கிப் பூட்டுகிறார்கள். அப்புறமும் நாடா எகிறி விழும், ஒரு பக்கக் கரை இழுக்கும், ஒரே இடத்தில் இழை அறும். சாமான் சரியில்லை என்று வேறு சாமான் வாங்கினாலும் நிலைமை மாறாது. தறிக்கால் ஒன்று அரை அங்குலம் மண்ணில் இறங்கியிருந்தால் எந்தப் புதுச் சாமானாலும் அதைச் சரிசெய்ய முடியாது. சட்டத்தை மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் பாகங்களைத் தொட வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையில்தான் போகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பழைய தறியில் மாற்ற வேண்டியது நாம் நினைப்பதைவிடக் குறைவு. கயிறு, தோல், விழுது (இழைகளைத் தூக்கி இறக்கும், கண் வைத்த நூல் வரிசை), பிக்கர் ஆகியவை தேய்வதற்கென்றே உள்ளவை, அவற்றைத் தயங்காமல் மாற்றலாம். கால், சட்டம், படமரம் (நெய்த துணி சுருளும் மரம்), பலகை அப்படியல்ல. பல வருடம் காய்ந்து, இனி கோணாது என்ற நிலைக்கு வந்துவிட்ட மரம் அது. அதற்கு ஈடான காய்ந்த மரம் இன்று மரக்கடையில் எளிதாகக் கிடைப்பதில்லை. முடிந்தவரை அதைக் காப்பாற்றுங்கள்.

எந்த வகைத் தறி என்று பாருங்கள்

இங்கே நான் எடுத்துக்கொள்வது பருத்திச் சேலை நெய்யும் குழித்தறி, அதாவது மிதிகள் தரையில் வெட்டிய குழிக்குள் இருக்கும் தறி. 48 அங்குல அகலம், இரண்டு அல்லது நான்கு விழுது, மேலிருந்து தொங்கி அச்சைத் தாங்கும் அச்சுப்பலகை, கயிற்றை இழுத்தால் பெட்டியிலிருந்து பாயும் நாடா. இங்கிலாந்தில் 1733-இல் ஜான் கே காப்புரிமை பெற்ற அமைப்புதான் இந்தக் கயிறும் பெட்டியும். நம் பக்கத்தில் அது வருவதற்கு முன்பு நாடாவைக் கையால்தான் எறிந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரெட் சாட்டர்டன் சேலத்தில் அரசு சார்பில் நெசவாலை நடத்தி இந்தக் கயிற்று நாடாவைப் பரப்ப முயன்றார். அதனால்தான் பல பழைய தறிகளில் சட்டம் ஒரு காலத்ததாகவும், பெட்டியும் பலகையும் பின்னால் வந்து சேர்ந்தவையாகவும் இருக்கின்றன. இரண்டும் வெவ்வேறு தச்சர் கை என்பது உளி வேலையைப் பார்த்தாலே தெரியும்.

உங்களிடம் இருப்பது கையால் எறியும் தறி என்றால், அதில் பெட்டி பொருத்தி மாற்றிவிட வேண்டாம். காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலைக்கு (உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் நெய்து கோக்கும் சேலை) மூன்று நாடா போட்டு, கரைக்குத் தனியாகக் கை கொடுத்து நெய்வது அந்தத் தறியில்தான். பவானி ஜமக்காளத் தறியும் தனி வகை, நூல் தடிமனும் அடியின் வேகமும் வேறு. சட்டம், மரம், மட்டம் பற்றி இங்கே சொல்வது எல்லாத் தறிக்கும் பொருந்தும். பெட்டி, பிக்கர் பகுதி கயிற்று நாடாத் தறிக்கு மட்டும்.

பிரிப்பதற்கு முன்

விழுதிலும் அச்சிலும் பழைய பாவு (தறியில் நெடுக்காக ஓடும் நூல்) கோத்தபடி நின்றுபோயிருந்தால் அதை அறுத்து எறியாதீர்கள். தூசியும் சிலந்திக்கூடும் படிந்து அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு இழையும் விழுதின் எந்தக் கண்ணில், அச்சின் எந்தப் பல்லில் போக வேண்டும் என்பதற்கு அதுதான் வரைபடம். விழுதுக்குப் பின்னால் ஒரு முழம், அச்சுக்கு முன்னால் ஒரு முழம் விட்டு வெட்டுங்கள். இரு பக்கமும் கொத்துக் கொத்தாக முடிந்து, விழுதையும் அச்சையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு துணியில் சுருட்டி வையுங்கள். விழுதும் அச்சும் நல்ல நிலையில் இருந்தால், புதுப் பாவின் இழைகளை இந்தப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைத்து இழுத்துவிடலாம். சாம்பல் தொட்டு விரலால் முறுக்கிப் பிணைக்கும் ஆட்கள் இன்னும் நெசவு ஊர்களில் இருக்கிறார்கள். சுமார் மூவாயிரம் இழையைப் புதிதாகக் கோப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அப்புறம் போனை எடுத்து நான்கு பக்கமும் படம் எடுங்கள். கயிறு எந்தக் கட்டையைச் சுற்றி எந்தத் துளைக்குப் போகிறது என்பதைக் கிட்டத்தில் எடுங்கள். பிரித்த மறுநாளே அது மறந்துவிடும். ஒவ்வொரு மூட்டிலும் சேரும் இரண்டு மரத்திலும் உளியால் ஒரே மாதிரி சிறு வெட்டு போடுங்கள்: ஒரு மூட்டுக்கு ஒரு வெட்டு, அடுத்ததற்கு இரண்டு. சாக்பீஸ் அழிந்துவிடும், பேனா மை எண்ணெயில் கரைந்துவிடும். வலம் இடம் என்பதை எப்போதும் நெய்பவர் உட்கார்ந்து பார்க்கும் திசையிலிருந்தே குறியுங்கள். கையால் செய்த தறியில் வலது கழுந்து (மூட்டில் துளைக்குள் நுழையும் மர முனை) இடது துளையில் போகாது. போனாலும் சரியாக உட்காராது.

மூட்டைப் பிரிக்கும்போது முதலில் ஆப்பைத் தேடுங்கள். பல மூட்டுகளில் ஆணியே இருக்காது, கழுந்துக்குள் ஆப்பு இறக்கியிருப்பார்கள். ஆப்பை எதிர்ப்பக்கத்திலிருந்து மரச்சுத்தியலால் தட்டினால் வந்துவிடும். இரும்புச் சுத்தியல் அடித்தால் கழுந்தின் முனை பிளந்துவிடும். துருப்பிடித்த போல்ட்டுக்கு இரவே மண்ணெண்ணெய் விட்டு, காலையில் முதலில் இறுக்கும் திசையில் கொஞ்சம் திருகி, அப்புறம் கழற்றுங்கள்.

மரம்: எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது

தரையைத் தொடும் ஒவ்வொரு காலையும் கூர்மையான குத்தூசியால் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் ஊசி நுனி மட்டும் இறங்கும். கரையான் தின்ற மரத்தில் மேல்தோல் நன்றாக இருக்கும், ஊசி மளமளவென்று உள்ளே போகும். உளுத்த மரம் வேறு மாதிரி: குண்டூசித் தலை அளவு துளைகள், கீழே மாவு மாதிரித் தூள். துளை பழசாக, அழுக்கு ஏறியிருந்தால் பூச்சி போய்விட்டது என்று பொருள். துளையின் உள்பக்கம் வெளுப்பாக இருந்து, தட்டினால் புதுத்தூள் உதிர்ந்தால் இன்னும் உள்ளே வேலை நடக்கிறது.

தறிக்கால் அடியில் மட்டும் இற்றிருந்தால் முழுக்காலையும் தூக்கி எறிய வேண்டாம். இற்ற பகுதியை வெட்டிவிட்டு, கீழே கருங்கல் துண்டு வைத்து உயரத்தை ஈடுகட்டலாம். மண்ணோடு மரம் ஒட்டாமல் இருப்பதற்கும் அதுதான் நல்லது. நடுவில் இற்ற சட்டம் மட்டும் மாற்றியாக வேண்டும், ஏனென்றால் பலகை அடிக்கும் ஒவ்வொரு அடியும் அதில்தான் இறங்குகிறது.

காப்பாற்றும் மரத்துக்கு மருந்து: ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம் வெண்காரம், 40 கிராம் போரிக் அமிலம் கரைத்து, வெறும் மரத்தில் இரண்டு முறை தூரிகையால் பூசுங்கள். மரத்தில் எண்ணெயோ வார்னிஷோ இருந்தால் உள்ளே இறங்காது, முதலில் சுரண்டி எடுக்க வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளையும் ஆட்டையும் மாட்டையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். பூசிய பின் நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் பழைய மரம் வெடிக்கும்.

நூல் படும் இடங்களை உப்புத்தாளால் தேய்த்துப் புதிதாக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முன்கட்டையின் மேல்விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். துணி உரசி உரசிக் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். எந்த உப்புத்தாளும் அந்த வழவழப்பைத் தராது. அழுக்கை மட்டும் ஈரம் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்த்துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

குழி

குழி சுமார் இரண்டரை அடி ஆழம் இருக்கும். சுவர் சரிந்திருந்தால் செங்கல் வைத்துக் கட்டுங்கள். அடித்தளத்துக்குச் சிமெண்ட் போட்டு வழுவழுப்பாக்குவது பலருக்கும் ஆசை. எனக்கு அதில் உடன்பாடில்லை. மண்ணிலிருந்து வரும் லேசான ஈரம்தான் கோடையில் பருத்தி இழை முறியாமல் காக்கிறது. அடியில் மண்ணோ மணலோ இருக்கட்டும். மழைநீர் இறங்காமல் இருக்க விளிம்பைத் தரையைவிட மூன்று நான்கு அங்குலம் உயர்த்தினால் போதும். நீர் தேங்கும் இடம் என்றால் குழியை மூடிவிட்டு, தறியைத் தரைக்கு மேலே தூக்கி வைப்பதே சரி.

சட்டத்தை மட்டமாக்குதல்

இந்த வேலையில் அவசரப்பட்டால் அதன் பலன் கடைசிவரை தொடரும். ஒரு முழு நாளை இதற்கு ஒதுக்குங்கள்.

நான்கு கால்களையும் நிறுத்தி, மேல்சட்டங்களைக் கழுந்தில் ஏற்றுங்கள். ஆப்பை இன்னும் இறுக்க வேண்டாம். கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் டியூப்பை வாங்கி, நான்கு மூலையிலும் மட்டம் பாருங்கள். தறியின் நீளத்துக்கு ரசமட்டப் பலகையைவிட டியூப்தான் நம்பகமானது. தாழ்ந்த காலுக்கடியில் கல் சில்லு அல்லது தகடு கொடுங்கள். மரச்சில்லு கொடுத்தால் ஈரத்தில் நசுங்கிவிடும்.

அடுத்தது மூலைவிட்டம். நீளாத நூல் ஒன்றை எடுத்து, முன் இடது மூலையிலிருந்து பின் வலது மூலைக்குப் பிடித்து முடிச்சுப் போடுங்கள். அதே நூலை மற்ற இரு மூலைக்கும் வைத்துப் பாருங்கள். இரண்டும் சமமாக இருக்க வேண்டும். மூன்று மில்லிமீட்டருக்குமேல் வித்தியாசம் இருந்தால் சட்டம் சாய்சதுரமாக நிற்கிறது. நீளமான மூலைவிட்டத்தின் இரு முனையையும் கயிற்றால் கட்டி, நடுவில் குச்சி செருகி முறுக்கினால் சட்டம் மெல்ல நகரும். சமமானதும் ஆப்பை இறுக்குங்கள். தரை மட்டத்திலும் ஒருமுறை, மேல்சட்டத்திலும் ஒருமுறை அளக்க வேண்டும். கீழே சதுரமாக இருந்து மேலே முறுகியிருந்தால் அச்சுப்பலகை ஒரு பக்கம் முந்தி அடிக்கும்.

கழுந்து தேய்ந்து துளையில் ஆடினால் ஆணி அடிக்காதீர்கள், மரம் பிளக்கும். கழுந்தின் பக்கத்தில் மெல்லிய தேக்குச் சீவலை மரப்பசையால் ஒட்டி, காய்ந்த பின் அளவுக்குச் செதுக்குங்கள். இந்த வேலைக்கு மழைக்காலம் ஆகாது. ஐப்பசியில் இறுக்கமாகச் செதுக்கிய கழுந்து பங்குனியில் சுருங்கி ஆடும்.

படமரமும் பாவு உருளையும்

நெய்த துணி சுருளும் படமரத்தையும், பின்னால் பாவைத் தாங்கும் உருளையையும் சட்டத்தில் ஏற்றி, இரண்டுக்கும் நடுவே இரு ஓரத்திலும் அளந்து பாருங்கள். வலப்பக்க இடைவெளியும் இடப்பக்க இடைவெளியும் ஒன்றாக இருக்க வேண்டும். சட்டம் சதுரமாக இருந்தும் இது வேறுபட்டால், உருளை சுழலும் காது தேய்ந்திருக்கும். தேய்ந்த காதுக்குள் தோல் துண்டோ பித்தளைத் தகடோ வைத்து ஈடுகட்டலாம்.

படமரம் வளைந்திருக்கிறதா என்று பார்க்க, அதன் நீளத்துக்கு நூலை இறுக்கிப் பிடித்து நடுவில் இடைவெளியைப் பாருங்கள். நடுவில் வளைந்த மரத்தில் பாவு நடுவில் தொய்யும், ஓரத்தில் விறைக்கும். லேசான வளைவுக்குத் துணி சுற்றிச் சமாளிக்கலாம். கண்ணுக்கே தெரியும் வளைவு என்றால் மாற்றத்தான் வேண்டும்.

பல்சக்கரத்தில் பல்லின் முகம் மழுங்கியிருந்தால் அரத்தால் மறுபடி கூராக்கலாம். பல்லைத் தடுக்கும் நாக்கு முழுமையாகப் பல்லுக்குள் உட்கார்கிறதா என்று பாருங்கள். பாதி உட்கார்ந்தால் பலகை அடிக்கும் அதிர்ச்சியில் நழுவும், ஒரே நொடியில் பாவு முழுக்கத் தளரும்.

பின் உருளையில் கயிறு சுற்றி, எடை தொங்கவிட்டு இழுவிசை கொடுக்கும் அமைப்பு இருந்தால், கயிறு உரசும் இடத்தில் எண்ணெய் படவே கூடாது. எண்ணெய் பட்ட கயிறு ஒருமுறை பிடிக்கும், மறுமுறை வழுக்கும். துணியில் அது அடர்த்தியும் தளர்வுமாகப் பட்டை பட்டையாகத் தெரியும். புதுப் பருத்திக் கயிறு போட்டு, உருளையின் அந்தப் பகுதியை உலர்வாகத் துடைத்துவிடுங்கள். உருளையே இல்லாமல், பாவை நீளமாக விரித்து, முனையில் கட்டிய கயிற்றைத் தூரத்து முளையைச் சுற்றி நெய்பவர் பக்கத்திலேயே கொண்டுவந்து கட்டும் பழைய முறைத் தறி என்றால் இந்தத் தொல்லையே இல்லை. முளை அசையாமல் இருந்தால் போதும்.

அச்சுப்பலகை, பெட்டி, பிக்கர்

தறியின் உயிர் இங்கேதான். நாடா எகிறுவது, இழை கொத்தாக அறுவது, துணி ஓரம் கோணுவது என்று நெய்பவர் படும் பாட்டில் பெரும்பகுதி இந்த மூன்று அடிக்குள் தொடங்குகிறது.

அச்சுப்பலகை மேல்கட்டையிலிருந்து இரு தூண்களில் தொங்குகிறது. மேல்கட்டையின் இரு முனையிலும் உள்ள இரும்பு முளைகள், பல் வெட்டிய தகட்டில் உட்கார்ந்திருக்கும். இரு பக்கமும் ஒரே எண் பல்லில் வையுங்கள். தகடுகளையே சட்டத்தில் வேறு வேறு இடத்தில் ஆணியடித்திருப்பார்கள், அதையும் அளந்து பாருங்கள். பலகையை முன்னால் இழுத்து, முன்கட்டையிலிருந்து அச்சு வரை வலத்திலும் இடத்திலும் அளக்கும்போது ஒரே அளவு வர வேண்டும். அடிக்கும் இடத்தில் அச்சு துணிக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். தச்சர் மூலைமட்டத்தை வைத்துப் பாருங்கள். சாய்ந்து அடித்தால் ஊடை (குறுக்கு நூல்) நெருங்காது, கை மட்டும் வலிக்கும்.

அடுத்து நாடா ஓடும் பலகை. நேர்விளிம்பு உள்ள இரும்பு அளவுகோலை அதன்மேல் நிறுத்தி, எதிர்ப்பக்கம் டார்ச் அடியுங்கள். வெளிச்சம் கசியும் இடம் பள்ளம். பள்ளம் சிறியதென்றால் மொத்தப் பலகையையும் ஒரே சீராக இழைப்புளியால் மெல்லச் சீவி, கடைசியில் மெழுகு தேய்க்கலாம். ஒரு இடத்தை மட்டும் சீவினால் அடுத்த பள்ளம் உண்டாகும்.

பலகைக்கும் அச்சுக்கும் இடையிலுள்ள கோணம் 90 டிகிரி இல்லை. நாடாவின் அடிப்பக்கமும் பின்பக்கமும் சேரும் கோணம் என்னவோ அதுதான் இங்கேயும் வர வேண்டும். பொதுவாக அது 86, 87 டிகிரி. அளப்பதற்கு எளிய வழி: கெட்டி அட்டையை நாடாவின் மூலைக்குச் சரியாக வெட்டி, அதை அப்படியே பலகையில் வைத்து அச்சோடு ஒட்டிப் பாருங்கள். மேலேயோ கீழேயோ இடைவெளி தெரிந்தால், அச்சு உட்காரும் காடியில் மெல்லிய தகடு கொடுத்துச் சரிசெய்யுங்கள். புது நாடா வாங்கும்போதும் இந்த அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

பெட்டியின் பின்சுவர் அச்சோடு ஒரே கோட்டில் இருக்க வேண்டும். அளவுகோலின் பாதியை அச்சிலும் பாதியை பெட்டிச் சுவரிலும் ஒட்டி வையுங்கள். அச்சு ஒரு மில்லிமீட்டர் முன்னால் துருத்தினாலும் பெட்டியிலிருந்து கிளம்பும் நாடா அதில் இடித்து முன்பக்கம் திரும்பும், நேராக உங்கள் மடிக்குத்தான் வரும். நாடாவின் முனை எஃகு, கண்ணில் பட்டால் ஆபத்து. முதல் சில நாள் ஓட்டும்போது குழந்தைகளைத் தறியின் பக்கவாட்டில் நிற்க விடாதீர்கள்.

பிக்கர் ஓடும் எஃகுக் கம்பி பலகைக்கு இணையாக, வளைவில்லாமல் இருக்கட்டும். கம்பியைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். பழைய பிக்கர்கள் எருமைத் தோலை மடித்துச் செய்து, எண்ணெயில் நெடுநாள் ஊறவைத்தவை. கிடைத்தால் அதையே வாங்குங்கள், அதிர்ச்சியை அது நன்றாக வாங்கிக்கொள்ளும். நைலான் பிக்கரும் வேலை செய்யும், சத்தம் மட்டும் கூடுதல். எதுவானாலும் நாடாவின் முனை பிக்கரின் முகத்தில் எங்கே படுகிறது என்று பார்க்க வேண்டும். முனையில் கொஞ்சம் கண்மை தடவி, நாடாவைக் கையால் பெட்டிக்குள் தள்ளுங்கள். இரு பெட்டியிலும் மை ஒரே உயரத்தில் பதிய வேண்டும். அந்தப் புள்ளியில் ஆழமில்லாத ஒரு குழி குடைந்துவிட்டால் நாடா பழகும்வரை அலையாது. ஓரத்தில் மை பட்டால் பெட்டியின் அடிப்பலகை தாழ்ந்திருக்கிறது அல்லது கம்பி தூக்கியிருக்கிறது.

கயிறு கட்டும்போது நாடா பெட்டியில் ஓய்வாக இருக்கையில் கொஞ்சம் தொய்வு இருக்கட்டும். விறைப்பாகக் கட்டினால் வந்த நாடாவைப் பிக்கரே திருப்பித் தள்ளும். கைப்பிடி அச்சின் நடுவுக்கு நேராகத் தொங்க வேண்டும்.

நாடாவையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். நகத்தால் தடவும்போது எங்கேயாவது தடுக்கினால் அது இழையை அறுக்கும். 400 எண் உப்புத்தாளால் மரத்தின் இழைவாக்கில் தேய்த்து, தேன்மெழுகு பூசித் துணியால் மெருகேற்றுங்கள். சமமான மேசையில் வைத்துத் தட்டினால் ஆடக் கூடாது. நூல் வெளிவரும் பீங்கான் கண்ணில் விரிசல் இருந்தால் கண்ணை மட்டும் மாற்றலாம். தார்க்குச்சி (ஊடை நூல் சுற்றும் குச்சி) உள்ளே இறுக்கமாக உட்கார வேண்டும். ஆடும் குச்சியில் எவ்வளவு நன்றாகத் தார் சுற்றினாலும் நூல் சரிந்து விழும்.

அச்சு

எஃகு அச்சில் மேலோட்டமான துரு என்றால் மண்ணெண்ணெய் தொட்ட மென்தூரிகையால் மேலும் கீழுமாகத் தேய்த்து, சாக்பீஸ் தூள் தூவித் துடைத்தால் போகும். விரலில் சொரசொரப்புத் தட்டும் அளவுக்குத் துரு தின்றிருந்தால் அந்த அச்சுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் புதிது வாங்குங்கள். வளைந்த பல்லைத் தட்டை மூக்கு இடுக்கியால் நிமிர்த்தலாம்.

வாங்கும்போது எண்ணைப் புரிந்துகொண்டு கேளுங்கள். பருத்தி நெசவில் அச்சு எண் என்பது இரண்டு அங்குலத்தில் உள்ள பல் எண்ணிக்கை. 60 எண் அச்சு என்றால் அங்குலத்துக்கு 30 பல். பல்லுக்கு இரண்டு இழை வீதம் அங்குலத்துக்கு 60 இழை. 48 அங்குல அகலத்துக்கு 1,440 பல், 2,880 இழை. பழைய அச்சில் எண் அழிந்திருந்தால் இரண்டு அங்குலத்தைக் குறித்து எண்ணிவிடுங்கள், மூன்று இடத்தில் எண்ணினால் நிச்சயம்.

விழுதும் மிதியும்

மேலே சொன்ன 2,880 இழைக்கு நான்கு விழுது என்றால் ஒவ்வொன்றிலும் 720 கண் வேண்டும். பழைய நூல் விழுதைக் காப்பாற்ற முயல்வதில் பலனில்லை. கண் தேய்ந்திருக்கும், சில நீண்டிருக்கும், சில சுருங்கியிருக்கும். கண் ஒரே உயரத்தில் இல்லாவிட்டால் பாவின் வாய் (மேலிழைக்கும் கீழிழைக்கும் நடுவே நாடா போகும் வழி) சுத்தமாகத் திறக்காது. விழுது கட்டித் தருபவர்களிடம் பழையதையே மாதிரியாகக் கொடுத்து அதே நீளத்துக்குக் கட்டச் சொல்லுங்கள். நைலான் விழுது நீண்டகாலம் உழைக்கும். பழைய பாவோடு சுருட்டி வைத்த விழுது நல்ல நிலையில் இருந்தால் மட்டும் அதை விட்டுவிடாதீர்கள்.

சாதா நெசவுக்கு இழை கோக்கும் வரிசை 1, 3, 2, 4. முதல் இரண்டு விழுதும் ஒரு மிதிக்கு, அடுத்த இரண்டும் மறு மிதிக்கு. நெருக்கமான பாவில் கண்கள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்கத்தான் இரண்டு விழுதில் முடியும் வேலையை நான்காகப் பிரிக்கிறோம்.

விழுதைத் தொங்கவிடும் கயிறுகளைப் பொருத்துவதற்கு முந்தின இரவே ஒரு செங்கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். புதுக் கயிறு நீள வேண்டியதெல்லாம் அப்போதே நீண்டுவிடும். இல்லையென்றால் நெய்யத் தொடங்கிய பிறகு தினமும் கட்டி அவிழ்க்க வேண்டியிருக்கும். உயரம் பார்க்க, பின்கட்டையிலிருந்து முன்கட்டைக்கு ஒரு நூலை இறுக்கிக் கட்டுங்கள். மிதிகள் சமநிலையில் இருக்கும்போது விழுதின் கண் அந்த நூல் கோட்டிலோ, ஒரு நூலளவு கீழேயோ நிற்க வேண்டும்.

ஒரு மிதியை அழுத்திப் பலகையைப் பின்னால் தள்ளுங்கள். கீழிழைகள் பலகையை லேசாகத் தொட்டும் தொடாமலும் கிடக்க வேண்டும். அழுந்திக் கிடந்தால் நாடா அவற்றைத் தேய்க்கும், தூக்கி நின்றால் நாடா அடியில் புகுந்து எகிறும். மேலிழைகள் அச்சுப் பக்கத்தில் நாடாவின் உயரத்தைவிடக் கால் அங்குலம் மேலே இருக்கட்டும். பின்விழுது முன்விழுதைவிடக் கொஞ்சம் அதிகம் அசைய வேண்டும், இல்லாவிட்டால் அச்சுக்கு முன்னால் இழைகள் இரண்டு அடுக்காகத் தெரியும். அதற்கேற்பக் கயிற்றின் நீளத்தை மாற்றுங்கள்.

மேலே ஜக்கார்டு பெட்டியோ டாபியோ (கரையிலும் துணியிலும் வடிவம் போடும் கருவிகள்) இருந்தால், சாதா நெசவு சரியாக ஓடும்வரை அதைப் பூட்டாதீர்கள். கழற்றிக் கீழே வைத்துக் கொக்கிகளை மண்ணெண்ணெயில் அலசி, தையல் இயந்திர எண்ணெயை ஒரு சொட்டு விட்டு, மிச்சத்தை முழுக்கத் துடைத்துவிடுங்கள். கிரீஸ் வேண்டாம், பஞ்சுத்தூசி ஒட்டிக்கொண்டு கொக்கி நகராது. பழைய அட்டைக் கோர்வை கிழிந்திருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். அந்தக் கரை வடிவம் வேறு எங்கும் இல்லாமல் இருக்கலாம்.

எண்ணெய் பற்றி

வெறும் மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் மெல்லிய பூச்சாக, முழுக்க உலரவிட்டு. தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் முழுக்க உலராது, நூலில் கறை ஏற்றும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. வெளியில் விரித்துக் காயப்போட்ட பிறகே கழியுங்கள். இழை படும் இடங்களுக்கு எண்ணெய் எதுவும் வேண்டாம், தேன்மெழுகு போதும்.

சோதனைப் பாவு

முதல் பாவில் பட்டு நூலோ நயம் நூலோ ஏற்ற வேண்டாம். தடித்த பருத்தி நூலில் ஐந்தாறு கெஜம் போதும். முதலில் நாடா இல்லாமல் மிதித்து வாய் திறப்பதைப் பாருங்கள். அடுத்து நாடாவைக் கையால் தள்ளி ஓட்டுங்கள். அது தடையில்லாமல் போய் எதிர்ப் பெட்டியில் உட்கார்ந்தால்தான் கயிற்றைத் தொட வேண்டும். முதலில் மெல்ல இழுத்துப் பழகுங்கள்.

ஒரு முழம் நெய்ததும் துணியை வெளிச்சத்தில் பிடியுங்கள். நெடுக்கில் ஒரே இடத்தில் கோடு விழுந்தால் அச்சின் பல் வளைந்திருக்கிறது அல்லது இழை தப்பிக் கோக்கப்பட்டிருக்கிறது. குறுக்கே பட்டை விழுந்தால் பின் உருளையின் பிடிப்பையும் பல்சக்கரத்தையும் பாருங்கள். ஊடை ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் தளர்ந்திருந்தால் பலகை கோணலாகத் தொங்குகிறது, மேல்தகட்டின் பல்லை மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு கரை மட்டும் உள்ளே இழுத்தால் நாடாவுக்குள் நூலின் பிடிப்பு கூடுதல், அல்லது தார்க்குச்சி நேராக இல்லை. இழை எப்போதும் ஒரே இடத்தில் அறுந்தால் அந்த இடத்துக்கு நேராக உள்ள விழுதுக் கண்ணை விரலால் தொட்டுப் பாருங்கள், இழை தானாகவே அறுகிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இடம் மாறி மாறி அறுந்தால் நாடாவின் அடிப்பக்கம்தான் சொரசொரப்பு.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு சாண் நெய்து பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். இரண்டு மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது. காஞ்சிபுரத்திலும் சேலத்திலும் நெசவாளர் சேவை மையங்கள் இருக்கின்றன. கையில் பிடிபடாத கோளாறு என்றால் நெய்த துண்டை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். ஊரில் நெய்து பழகிய பெரியவர் யாராவது இருந்தால் அவரை அழைத்து வந்து தறியில் உட்காரச் சொல்லுங்கள். நாடா போகும் சத்தத்தை வைத்தே எந்தப் பெட்டி சரியில்லை என்று சொல்லிவிடுவார்கள்.

மழைக்காலம் ஒன்று, கோடை ஒன்று கடந்த பிறகு மூலைவிட்டத்தை மறுபடி அளந்து, தளர்ந்த ஆப்புகளை இறுக்குங்கள். சில வாரங்களுக்கு நெய்யப் போவதில்லை என்றால் நாக்கைத் தூக்கிப் பாவைத் தளர்த்திவிட்டு, மிதிக் கயிறுகளைக் கழற்றி வையுங்கள். கழற்றிய பழைய பாகங்களை விறகுக்குப் போடாமல், எது எங்கே இருந்தது என்று ஒரு துண்டுச் சீட்டு கட்டி வையுங்கள். அடுத்தமுறை யாராவது புது நாடாப் பெட்டி செய்யும்போது தச்சரிடம் காட்ட அந்த அளவுதான் தேவைப்படும்.